நம் தெருவுக்கு எந்தச் சாலை, எந்த உயரத்தில் என்பதை நகராட்சியில் யார் முடிவு செய்கிறார்கள்?

கேள்வி: கீழவீதிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிறிய நகராட்சியில், தேரோடும் வீதிக்குப் பின்புறமாகச் செல்லும் குறுந்தெருவில் எங்கள் வீடு இருக்கிறது. தெருவின் அகலம் பன்னிரண்டு அடி. ஒரு பக்கம் மட்டுமே வடிகால். சென்ற ஆண்டு குடிநீர்க் குழாய் பதிப்பதற்காகத் தார்ச்சாலையை நீளவாக்கில் வெட்டினார்கள். குழாயைப் பதித்து, தோண்டிய மண்ணையே மேலே தள்ளி மூடியதோடு சரி. மழைக்காலத்தில் அந்த வெட்டு சேறாகிறது, வெயில் காலத்தில் புழுதியாகிறது.

இப்போது தெரு முழுவதும் பேவர் பிளாக் பதிக்கப்போவதாகக் கேள்விப்படுகிறோம். இருக்கும் தார்த்தளத்தின் மேலேயே மணல் பரப்பிக் கல் பதித்தால், ஏற்கெனவே தெருவை விடத் தாழ்ந்து கிடக்கும் ஏழெட்டு வீடுகளுக்குள் மழைநீர் நேராக நுழையும். பழைய ஓட்டு வீடுகளில் திண்ணையின் கீழ்ப்படி முன்பே சாலைக்குள் புதைந்துவிட்டது. தெருவாசிகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்: சிலர் தார்ச்சாலைதான் வேண்டும் என்கிறார்கள், சிலர் சிமெண்ட் சாலை கேட்கிறார்கள், எதையாவது போட்டால் போதும் என்று இருப்பவர்களே அதிகம்.

வார்டு உறுப்பினரைக் கேட்டால், பொறியாளர் கொடுத்த மதிப்பீட்டின்படிதான் நடக்கும் என்கிறார். பொறியியல் பிரிவில் கேட்டால், மன்றத் தீர்மானம் என்கிறார்கள். ஒரு நண்பரின் பேச்சைக் கேட்டுப் பொதுப்பணித்துறை உட்கோட்ட அலுவலகத்திலும் மனு கொடுத்தோம். இந்தத் தெரு தங்களுடையதே அல்ல என்று அங்கே திருப்பி அனுப்பினார்கள். என் கேள்வி இதுதான். ஒரு தெருவுக்குத் தாரா, கல்லா, சிமெண்டா, அது எந்த உயரத்தில் என்பது உண்மையில் எந்த மேசையில், எந்தக் கட்டத்தில் முடிவாகிறது? பணி ஆணை வழங்கப்படுவதற்கு முன் நாங்கள் யாரிடம் என்ன கேட்க வேண்டும்?

மறுமொழி: ஓய்வுபெற்ற நகராட்சிப் பொறியாளர்

உங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் சொன்னது சரிதான். பொதுப்பணித்துறை மாநில அரசின் துறை. அரசு அலுவலகங்கள், மருத்துவமனைகள், நீதிமன்றங்கள் போன்ற கட்டடங்கள் அதன் பொறுப்பு. 2021-ல் நீர்வளத்துறையைத் தனியாகப் பிரித்த பிறகு ஆறு, ஏரி, வாய்க்கால் வேலைகளும் அதன் கையில் இல்லை. ஊரின் நடுவே போகும் சாலை மாநில நெடுஞ்சாலையாகவோ மாவட்ட முக்கியச் சாலையாகவோ இருந்தால் அதை நெடுஞ்சாலைத் துறை பார்க்கும். மற்ற தெருக்கள் அனைத்தும் நகராட்சியின் பொறியியல் பிரிவைச் சேர்ந்தவை. ஆகவே நீங்கள் பிடிக்க வேண்டிய கதவு நகராட்சி அலுவலகத்திலேயே இருக்கிறது.

முடிவு எங்கே ஆகிறது என்பதற்கு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாற்காலிகளில் இருந்தவன் என்ற முறையில் நேராகவே சொல்கிறேன்: மதிப்பீடு தயாராகும் கட்டத்தில். மன்றத்துக்குப் போகும்போது அது ஒரு வரித் தலைப்பும் ஒரு தொகையும்தான். உறுப்பினர்கள் முன் வைக்கப்படும் பொருளில் இன்ன வார்டு, இன்ன தெரு, பேவர் பிளாக் தளம் அமைத்தல், இவ்வளவு லட்சம் என்று இருக்குமே தவிர, அந்தத் தளம் பழைய சாலையின் மேல் அமைகிறதா, பழையதை அகற்றிவிட்டு அமைகிறதா என்பது அதில் இருக்காது. அது மதிப்பீட்டின் உள்பக்கங்களில், ஒவ்வொரு இனமாக, அதாவது வேலைக்கு ஒரு வரியும் அதற்கான தொகையுமாக, எழுதப்பட்டிருக்கும். 'ஏற்கெனவே உள்ள தளத்தைச் சுரண்டி அகற்றுதல்' என்ற இனம் அங்கே இல்லையென்றால், ஒப்பந்ததாரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த வேலையைச் செய்ய மாட்டார், ஏனென்றால் அதற்குப் பணம் கிடையாது.

மதிப்பீடு எப்படிப் பிறக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெருவில் பள்ளம் விழுந்ததால் மதிப்பீடு போடப்படுகிறது என்று மக்கள் நினைக்கிறார்கள். நடைமுறையில் பணம் வரப்போகிறது என்ற தகவல் வந்த பிறகே மதிப்பீடு போடப்படுகிறது. இன்ன திட்டத்தில் இவ்வளவு ஒதுக்கீடு, பணிகளின் பட்டியலை உடனே அனுப்புக என்று மேலிடத்திலிருந்து கடிதம் வரும். பணி ஆய்வரும் உதவிப் பொறியாளரும் டேப்புடன் புறப்பட்டு நீளத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டு வருவார்கள். மட்டம் பார்க்கும் கருவியை எடுத்துச்சென்று ஒவ்வொரு வாசற்படியின் உயரத்தையும் குறித்துவர வேண்டும் என்பது முறை; ஆனால் ஒரே வாரத்தில் நாற்பது தெருக்களுக்கு மதிப்பீடு கேட்கும்போது, முன்பு இன்னொரு தெருவுக்குப் போட்டதைத் திறந்து தெருவின் பெயரையும் அளவுகளையும் மாற்றி அனுப்புவதுதான் பெரும்பாலும் நடக்கும். பின்னர் வேலை நடக்கும் அன்று, கொத்தனார் டியூப் மட்டம் பிடித்து மின்கம்பத்தில் ஒரு சிவப்புக் கோடு போடுவார். உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதை அந்தக் கோடு தீர்மானித்துவிடும்.

எந்தப் பணத்தில் செய்கிறார்கள் என்பதும் எதைச் செய்வது என்பதைக் கட்டுப்படுத்துகிறது. எடுத்துக்காட்டாக, 2021 முதல் 2026 வரையிலான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு வரும் பங்கில் 60 விழுக்காட்டைக் குடிநீர், திடக்கழிவு மேலாண்மை போன்றவற்றுக்கே செலவிட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். எஞ்சிய 40 விழுக்காட்டில்தான் சாலையை நினைத்துப் பார்க்க முடிந்தது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி என்றால் அவர் பரிந்துரைத்த பணியே நடக்கும். நகராட்சியின் பொது நிதி என்பது சொத்துவரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் நம்பி இருப்பது. சிறு நகராட்சிகளில் சம்பளமும் ஓய்வூதியமும் மின்கட்டணமும் போக அதில் மிஞ்சுவது சொற்பம். குழாய் பதிக்கும் வேலை ஒரு திட்டத்திலும், வடிகால் இன்னொன்றிலும், சாலை மூன்றாவது ஒன்றிலும் வருகின்றன. குழாய், வடிகால், சாலை என்ற இயற்கையான வரிசை கெட்டுப்போவதற்கு இதுவே முதற்காரணம்.

பேவர் பிளாக் ஏன் என்று கேட்பீர்கள். அதில் கமிஷன் மட்டும்தான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு; நான் அதை முழுவதும் ஏற்பதில்லை. பன்னிரண்டு அடித் தெருவில் தார்க்கலவை விரிக்கும் இயந்திரம் நுழையாது. சிறு தெருவுக்கு வேண்டியது மூன்று நான்கு லாரிக் கலவை. அதற்காகத் தொலைவிலுள்ள கலவை நிலையத்திலிருந்து கொண்டுவந்து, ஆட்களை வைத்து வாரிப் பரப்புவதற்குள் கலவை ஆறிவிடும். ஆறிய கலவையின் மேல் ரோலர் எத்தனை முறை ஓடினாலும் இறுக்கம் வராது, அடுத்த மழைக்கே ஜல்லி பெயரும். பேவர் பிளாக்கில் அந்தத் தொல்லை இல்லை. குழாய் உடைந்தால் கல்லை எடுத்துவிட்டுப் பழுது பார்த்து மறுபடி பதிக்கலாம். வீட்டு இணைப்புகள் அடிக்கடி தோண்டப்படும் குறுந்தெருவுக்கு அது பொருத்தமான தேர்வு என்றே சொல்வேன். ஆனால் இரண்டு நிபந்தனைகள். குழாய் வெட்டிய பள்ளத்தை மறுபடி திறந்து, அடுக்கடுக்காக நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கியாக வேண்டும். உங்கள் பகுதியில் களிமண், அதைச் செய்யாமல் மேலே கல் பதித்தால் முதல் ஐப்பசி மழையிலேயே வெட்டு ஓடிய தடம் அப்படியே அமிழும். அடுத்தது உயரம். 80 மில்லிமீட்டர் கல்லும் அதன் கீழே மணல் படுக்கையும் சேர்ந்தால் ஏறக்குறைய ஐந்து அங்குலம். பழைய தளத்தை எடுக்காமல் அந்த ஐந்து அங்குலத்தை ஏற்றுவது அநியாயம்.

பழைய தளத்தைச் சுரண்டிய பிறகே புதுத்தளம் அமைத்து, சாலை மட்டம் உயராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தல் அனுப்பினார். பெரிய சாலைகளில் அது ஓரளவு நடைமுறைக்கு வந்துவிட்டது. குறுந்தெருக்களில் சுரண்டும் இயந்திரம் நுழையாது என்பதைச் சாக்காக வைத்து விட்டுவிடுகிறார்கள். இயந்திரம் நுழையாவிட்டால் ஜேசிபியை வைத்துக் கவனமாகப் பெயர்த்தெடுக்கலாம்; வீட்டுக் குழாய் இணைப்புகள் சில உடையும், அவற்றைச் சரிசெய்யும் செலவையும் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும்.

மறுமொழி: முன்னாள் வார்டு உறுப்பினர்

பொறியாளர் ஐயா சொன்னதில் பெரும்பகுதி உண்மை. ஆயினும் மன்றத்தை வெறும் கையெழுத்து மேசையாகக் காட்டியிருப்பதை ஏற்க முடியவில்லை. 2011 முதல் 2016 வரை நான் நகர்மன்றத்தில் இருந்தேன். அதன் பிறகு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும் வரை ஐந்தாண்டுகளுக்கு மேலாக மன்றமே இல்லை, தனி அலுவலர்தான். அந்தக் காலத்தில் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்வதற்குக்கூட ஓர் ஆள் இல்லாமல் மக்கள் அலைந்ததைப் பார்த்தவர்கள், உறுப்பினர் ஒருவர் இருப்பதன் அருமையை அறிவார்கள்.

எந்தத் தெரு என்பதை உறுப்பினர்தான் சொல்கிறார். எப்படி என்பதைத்தான் பொறியியல் பிரிவு எழுதுகிறது. ஆனால் எந்தத் தெரு என்பதிலும் ஒரு குறை இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன். ஒரு நிதி வந்ததும் தலைவரின் அறையில் முதலில் நடப்பது பங்கீடு: வார்டுக்கு இவ்வளவு. எந்த வார்டில் எத்தனை கிலோமீட்டர் தெரு இருக்கிறது, எது பத்தாண்டாகப் போடப்படாதது என்ற கணக்கெல்லாம் பிறகு. சமமாகப் பிரித்தால் மன்றத்தில் சத்தம் வராது. எதிர்க்கட்சி உறுப்பினரின் வார்டுக்கும் ஏதோ ஒன்று கிடைக்கிறது என்பதால் இந்த முறையை முழுக்கத் தவறு என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விளைவு என்னவென்றால், ஒவ்வொரு வார்டுக்கும் கிடைத்த சிறு தொகைக்குள் அடங்கும்படி வேலையைச் சுருக்க வேண்டியிருக்கிறது. முந்நூறு மீட்டர் தெருவில் இருநூறு மீட்டருக்குச் சாலை போட்டு விட்டுவிடுவதை எல்லா ஊர்களிலும் பார்த்திருப்பீர்கள். பழைய தளத்தை அகற்றும் இனத்தை எடுத்துவிட்டு அந்தப் பணத்தில் இன்னும் ஐம்பது மீட்டர் போடச் சொல்லி உறுப்பினரே கேட்பதும் உண்டு, ஏனென்றால் கடைசி வீட்டுக்காரர்தான் உரக்கப் பேசுபவராக இருப்பார்.

இன்னொன்று, மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல். பிறப்புச் சான்று முதல் பேருந்து நிலையக் கடை ஏலம் வரை பொருள்கள் அதில் அடுக்கியிருக்கும். அவசரம் என்று தலைவரின் முன் அனுமதியோடு தொடங்கிவிட்டு, மன்றத்தின் பின்னேற்புக்காக வைக்கப்படும் பொருள்களும் உண்டு. வாசிக்கப்படுவது தலைப்பு மட்டும். 'ஆல் பாஸ்' என்ற குரலோடு பல பொருள்கள் கடந்துவிடும். அந்த நேரத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, இந்தப் பணியில் பழைய தளம் அகற்றப்படுகிறதா, இல்லையென்றால் மதிப்பீட்டைத் திருத்தி வைக்கவும் என்று சொன்னால் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதியே ஆக வேண்டும். உங்கள் உறுப்பினரிடம் சாலை வேண்டும் என்று மட்டும் கேட்காமல், இந்த ஒரு வாக்கியத்தை மன்றத்தில் சொல்லுங்கள் என்று கேளுங்கள்.

1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் இடத்துக்கு, 1998-ல் இயற்றப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று, வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைகளைக் கூட்டத் தொடங்கிவிட்டார்கள். கிராமசபை அளவுக்கு அது இன்னும் வேரூன்றவில்லை, பல இடங்களில் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் வருவதில்லை. ஆனால் அங்கே சொல்லப்படுவது பதிவேட்டில் ஏறுகிறது. தெருவாசிகள் தங்களுக்குள் பேசி ஒரே கோரிக்கையாகக் கொண்டுபோனால் அதற்கு எடை உண்டு. மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டால் அதிகாரிக்கு அதைவிட வசதி வேறில்லை.

மறுமொழி: ஆவணப்பித்தன்

மேலே இருவரும் சொன்னதோடு ஒரு நடைமுறைக் குறிப்பு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுபவர்கள் பெரும்பாலும், ஏன் எங்கள் தெருவுக்குச் சாலை போடவில்லை என்று காரணம் கேட்கிறார்கள். காரணம் கேட்டால் தகவல் இல்லை என்று ஒரு வரியில் பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள். உங்கள் தெருப் பணிக்கான விரிவான மதிப்பீடு, மட்டக் குறிப்புகள் இருந்தால் அவற்றின் நகல், தொழில்நுட்ப அனுமதி, மன்றத் தீர்மானத்தின் நகல், சென்ற ஆண்டு குழாய் பதித்த பணிக்கான, நடந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். குடிநீர்த் திட்ட ஒப்பந்தங்களில் வெட்டிய சாலையைச் சீரமைப்பதும் பெரும்பாலும் ஓர் இனமாகச் சேர்க்கப்பட்டிருக்கும். உங்கள் தெருவில் அது நடக்காமலேயே அளவுப் புத்தகத்தில் நடந்ததாக எழுதப்பட்டிருந்தால், பேச்சின் போக்கே மாறிவிடும்.

கட்டணம் 10 ரூபாய், பதில் அளிக்க 30 நாள். அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, பணிகளையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடவும், பயன்படுத்தப்படும் பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது என்பது பலருக்கும் தெரியாது. பேவர் பிளாக்குக்கு ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. மதிப்பீட்டில் 80 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்க, வந்து இறங்கும் கல் 60 மில்லிமீட்டராக இருப்பதைக் கண்டுபிடிக்கப் பள்ளிப் பிள்ளையின் அளவுகோலே போதும். உறுதியைத்தான் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும்.

ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வந்துவிட்டதா என்பதை அரசின் மின் ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தில் நகராட்சியின் பெயரில் தேடிப் பார்க்கலாம். 2000-ஆம் ஆண்டின் வெளிப்படைத்தன்மை விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான பணிகளுக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். அந்தப் பதினைந்து நாளுக்குள் ஆணையாளருக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் போய்ச் சேர்ந்தால், இனங்களைத் திருத்துவது இன்னும் கைக்கு எட்டும் காரியம். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கூடுதல் இனம் சேர்க்க வேண்டுமென்றால் திருத்திய மதிப்பீடு, மறு அனுமதி என்று கோப்பு மறுபடி மேலே ஏற வேண்டும். அந்தத் தலைவலியை எந்த அலுவலரும் விரும்பமாட்டார்.

மறுமொழி: பள்ளிக்கூடத் தெரு

இந்த இழையில் என் கேள்வியையும் சேர்க்கலாமா? எங்கள் தெருவில் தொடக்கப்பள்ளி வாசலில் வேகத்தடை வேண்டும் என்று பெற்றோர் அனைவரும் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தும் நடக்கவில்லை. பக்கத்துத் தெருவில் மனு ஏதும் இல்லாமலேயே ஒருவர் வீட்டு வாசலில் இரவோடு இரவாகச் சிமெண்ட் மேடு ஒன்று முளைத்துவிட்டது. இதற்கு என்ன அளவுகோல்?

மறுமொழி: கீழவீதிக்காரன்

மூவருக்கும் நன்றி. விசாரித்ததில், எங்கள் பணிக்கு மன்றத் தீர்மானம் ஆகிவிட்டது, ஒப்பந்தப்புள்ளி இன்னும் கோரப்படவில்லை என்று தெரிகிறது. ஆகவே ஆவணப்பித்தன் சொன்ன வழியில் மனு தயாரித்துக்கொண்டிருக்கிறோம். தெருவாசிகளும் ஒருவழியாக ஒத்துவந்தார்கள்: பேவர் பிளாக்கே இருக்கட்டும், பழைய தளத்தை எடுத்துவிட்டுப் பதிக்க வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை.

ஆனால் எதிர் வரிசை வீட்டுப் பெரியவர் ஒருவர் வேறொரு சந்தேகத்தைக் கிளப்பினார். சாலையைத் தாழ்த்தினால் மட்டும் தண்ணீர் எங்கே போகும், வடிகாலின் தரையே தெருக்கோடியில் மேடாகத்தானே இருக்கிறது என்கிறார். பார்த்தால் உண்மைதான், மழை நின்று நான்கு நாளானாலும் வடிகாலில் முழங்கால் அளவு நீர் தேங்கி நிற்கிறது. வடிகால் இந்த மதிப்பீட்டில் இல்லை. சாலையை நிறுத்திவைத்து வடிகாலைக் கேட்பதா, கிடைத்த சாலையை வாங்கிக்கொள்வதா?

மறுமொழி: ஓய்வுபெற்ற நகராட்சிப் பொறியாளர்

முதலில் பள்ளிக்கூடத் தெரு நண்பருக்கு. வேகத்தடைக்கு இந்தியச் சாலைகள் பேராயத்தின் ஐ.ஆர்.சி. 99 என்ற வழிகாட்டி உண்டு. அதில் சொல்லப்படும் வளைந்த மேடு 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையது. 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி சிரமமில்லாமல் ஏறி இறங்கும். 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகையும், மேட்டின் மேல் பட்டை வண்ணமும் வேண்டும். ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழுப்பிய சிமெண்ட் கட்டை வேகத்தடை ஆகாது, அது இருசக்கர வாகனக்காரரின் முதுகெலும்புக்கு வைத்த கண்ணி. பள்ளி வாசல் நியாயமான இடம். உங்கள் மனு போக்குவரத்துக் காவல் பிரிவின் கருத்துக்காகப் போய் அங்கேயே நின்றிருக்கும். தலைமையாசிரியர் பெயரில் ஒரு கடிதத்தையும் இணைத்து, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு நகல் கொடுங்கள். அங்கே பொருளாக வைக்கப்பட்டால் இரு துறைகளும் பதில் சொல்லியாக வேண்டும். இரவில் முளைத்த மேட்டை அகற்ற நகராட்சிக்கு அதிகாரம் இருக்கிறது, மனம்தான் வருவதில்லை.

கீழவீதி நண்பருக்கு: அந்தப் பெரியவர் ஒரு தேர்ந்த ஓவர்சியரைப் போலப் பேசியிருக்கிறார். நீர் போகும் வழியைக் கடைசியிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். உங்கள் வடிகால் எந்த வாய்க்காலில் விழுகிறதோ அதன் அடிமட்டம், அதற்கு முன் உள்ள சிறுபாலத்தின் அடிமட்டம், பிறகு தெருக்கோடி, பிறகு உங்கள் வாசல் என்று வர வேண்டும். படுகை ஊர்களில் நிலமே சமதளம் என்பதால் நூறு மீட்டருக்கு ஒரு கைப்பிடிச் சரிவு கிடைத்தாலே பெரிது. அதில் நடுவே யாரோ வண்டி ஏற்றுவதற்காகப் போட்ட சிலாப்பும், அதன் கீழே தங்கிய மண்ணும் சேர்ந்து அந்தச் சரிவைத் தின்றுவிடும். நான் பார்த்தவரையில், வடிகால் தவறாகக் கட்டப்பட்டது என்று சொல்லப்பட்ட இடங்களில் பாதிக்குமேல் தூர்வாராததே காரணமாக இருந்தது. ஆகவே முதலில் வடிகாலை முழுநீளத்துக்குச் சிலாப்பைத் தூக்கித் தூர்வாரச் சொல்லுங்கள். அது பொறியியல் பிரிவின் மதிப்பீட்டில் வர வேண்டியதில்லை. சுகாதாரப் பிரிவின் அன்றாட வேலை, துப்புரவு ஆய்வாளரிடம் கேட்டால் போதும். தூர் போன பிறகும் தரை மேடாகத்தான் இருக்கிறது என்றால்தான் இடித்துக் கட்டும் பேச்சு.

அப்படி இடித்துக் கட்டத்தான் வேண்டுமென்றால், சாலையை நிறுத்திவைப்பதே நல்லது என்பது என் கருத்து. முன்னாள் உறுப்பினர் இதை ஏற்கமாட்டார் என்று தெரியும். நிதி திரும்பிப் போய்விடும் என்பார், அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. ஆனால் புதிய பேவர் பிளாக் தெருவின் ஓரத்தைப் பெயர்த்து வடிகால் கட்டினால் ஓரக்கல்லின் பிடி போய்விடும், அதன் பிறகு கல் வரிசைகள் பக்கவாட்டில் விலகிக்கொண்டே இருக்கும். இடைவழி ஒன்று உண்டு. தெருவாசிகள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு தரமுடியுமானால், மக்கள் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தரும் நமக்கு நாமே திட்டத்தில் அந்தக் கோடிப் பகுதி வடிகாலை மட்டும் தனிப் பணியாகச் சேர்க்கச் சொல்லலாம்; தொகை சிறியது, சாலைப் பணியோடு ஒரே காலத்தில் நடத்திவிடலாம்.

மறுமொழி: முன்னாள் வார்டு உறுப்பினர்

ஆம், ஏற்கமாட்டேன். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. தொடங்காத பணியின் பணம் அடுத்த ஆண்டும் அதே தெருவுக்கு வரும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். நமக்கு நாமே யோசனை சரி. ஆனால் மூன்றில் ஒரு பங்கை வீடு வீடாகத் திரட்டுவது யார் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் தரமாட்டார்கள், வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருப்பார்கள். எங்கள் வார்டில் அந்தக் கட்டத்திலேயே இரண்டு பணிகள் நின்றுபோயின. ஊரில் கடை வைத்திருக்கும் ஒருவரோ சங்கமோ முழுப் பங்கையும் ஏற்க முன்வந்தால் காரியம் எளிது.

மறுமொழி: ஓய்வுபெற்ற நகராட்சிப் பொறியாளர்

அதில் எனக்கு மறுப்பில்லை. கீழவீதி நண்பரே, மனுவில் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், உதவிப் பொறியாளர், துப்புரவு ஆய்வாளர், குடிநீர்ப் பிரிவின் பிட்டர் மூவரும் தெருவாசிகள் முன்னிலையில் ஒரே நேரத்தில் இடத்தைப் பார்வையிட வேண்டும். மூன்று பேரும் தனித்தனியாக வந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். அன்று மட்டக் கருவியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மிகத் தாழ்ந்த வீட்டின் வாசற்படியையும் வாய்க்கால் சிறுபாலத்தின் அடியையும் மட்டும் பார்த்தால் போதும், அரைமணி நேர வேலை. அந்த இரண்டு அளவுகளையும் ஒரு தாளில் எழுதி, வந்தவர்களிடம் கையொப்பம் வாங்கி, மனுவோடு இணைத்து ஆணையாளரின் தபால் பிரிவில் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.